ஃபாக்ஸ்ப்ரோ: தேடும் ஃபார்மில் தேர்ந்தெடுத்த கஸ்டமர் எண்ணை பில் ஃபார்முக்குத் திருப்புவது எப்படி?

பில்_புள்ளி கேட்டது:

வணக்கம். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9 (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் ப்ரோக்ராமிங் மொழி), சர்வீஸ் பேக் 2. பில் ஃபார்மில் கஸ்டமர் பெட்டியில் நின்று எஃப்2 அழுத்தினால் தேடும் ஃபார்ம் ஒன்று திறக்கிறது. மேலே பெயர் தட்டும் பெட்டி, நடுவில் க்ரிட், கீழே 'சரி', 'வேண்டாம்' என்று இரண்டு பட்டன். க்ரிட்டில் எந்த வரியில் நிற்கிறோமோ அந்த கஸ்டமரின் எண் பில் ஃபார்முக்கு வர வேண்டும்.

முதலில் 'சரி' பட்டனின் க்ளிக்கில் ரிட்டர்ன் எழுதினேன். எண் வரவே இல்லை. பிறகு அன்லோடு ஈவென்ட்டில் ரிட்டர்ன் திஸ்ஃபார்ம்.டெக்ஸ்ட்எண்.வேல்யூ என்று எழுதினேன். 1925, 'அன்னோன் மெம்பர்' என்று நிற்கிறது. அந்தப் பெட்டி ஃபார்மில் கண்ணெதிரே இருக்கிறது, பெயரிலும் பிழை இல்லை.

இப்போதைக்கு பப்ளிக் வேரியபிள் வைத்து ஓடுகிறது. ஆனால் அடுத்த பில்லில் 'வேண்டாம்' அழுத்தினால் முந்தைய பில்லின் கஸ்டமர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். 'வேண்டாம்' அழுத்தினாலும், மூலையில் உள்ள எக்ஸை அழுத்தினாலும், எஸ்கேப் தட்டினாலும் பில்லில் ஏற்கெனவே இருந்தவரே இருக்க வேண்டும். சரியான வழி என்ன?

ரஷ்மோர்_ரசிகன் பதில்:

கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். 'டூ' என்றால் செய், 'டு' என்றால் இதற்குள் போடு. கோடில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

க்ளிக்கில் எழுதிய ரிட்டர்ன், க்ளிக்கை யார் கூப்பிட்டாரோ அவருக்குத்தான் போகும். அங்கே கூப்பிட்டது மவுஸ். தேடும் ஃபார்மைத் திறக்கும் உங்கள் டூ ஃபார்ம் வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டூ ஃபார்முக்கு மதிப்பு திரும்பும் ஒரே வாசல் ஃபார்மின் அன்லோடு.

அன்லோடில் ஏன் 1925? ஃபார்ம் மூடும்போது முதலில் ஃபார்மின் டெஸ்ட்ராய், அடுத்து உள்ளே இருக்கும் கன்ட்ரோல்கள் ஒவ்வொன்றின் டெஸ்ட்ராய், எல்லாம் முடிந்து கடைசியில்தான் அன்லோடு. அந்த நேரத்தில் டெக்ஸ்ட்பாக்ஸ், க்ரிட் எதுவும் உயிரோடு இல்லை. ஃபார்மின் சொந்த ப்ராப்பர்ட்டிகள் மட்டும் மிச்சம் இருக்கும். ஆகவே மதிப்பை முன்பே ஒரு ப்ராப்பர்ட்டியில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

தேடும் ஃபார்மின் விண்டோடைப்பை 1 ஆக்குங்கள், அதாவது மோடல் (மூடும் வரை மற்ற ஃபார்மைத் தொட விடாதது). இது 0 ஆக இருந்தால் டூ ஃபார்ம் வரி காத்திருக்காது. ஃபார்ம் திறந்த கையோடு அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஃபார்ம் மெனுவில் நியூ ப்ராப்பர்ட்டி எடுத்து 'தேர்வு' என்று ஒன்று சேர்த்து, ப்ராப்பர்ட்டி ஷீட்டில் அதற்கு 0 என்று ஆரம்ப மதிப்பு கொடுங்கள். இதை மறந்தால் ஃபாக்ஸ்ப்ரோ தானாக ஃபால்ஸ் வைக்கும். அப்புறம் 'வேண்டாம்' அழுத்தும்போது பில் ஃபார்மில் 'எண் > 0' என்ற வரி 107, டைப் மிஸ்மேட்ச் என்று விழும். 'சரி' அழுத்தும்போது ஒழுங்காக ஓடும் என்பதால், சோதனையில் இது எளிதில் சிக்காது.

'சரி' பட்டனின் க்ளிக்கில், க்ரிட்டின் கர்சர் (தேடல் விடை இருக்கும் தற்காலிக டேபிள்) காலியா என்று ஈஓஎஃப் (டேபிளின் முடிவா என்று சொல்வது) பார்த்துவிட்டு, திஸ்ஃபார்ம்.தேர்வு = கர்சர்.கஸ்டமர்எண். அடுத்த வரி திஸ்ஃபார்ம்.ரிலீஸ். 'வேண்டாம்' பட்டனில் ரிலீஸ் மட்டும். அன்லோடில் ஒரே வரி: ரிட்டர்ன் திஸ்.தேர்வு.

பில் ஃபார்மில்:

லோக்கல் எண்
எண் = 0
டூ ஃபார்ம் கஸ்ட்பிக் வித் பெயர் டு எண்
இஃப் எண் > 0
  திஸ்ஃபார்ம்.கஸ்டமர்மாற்று(எண்)
எண்ட்இஃப்

எக்ஸ் அழுத்தினாலும் அன்லோடு நடக்கும். தேர்வு 0 ஆகவே இருப்பதால் 0 திரும்பும். அதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. எஸ்கேப்புக்கு 'வேண்டாம்' பட்டனின் கேன்சல் ப்ராப்பர்ட்டியை ட்ரூ ஆக்குங்கள்.

ஒன்று கவனிக்க: எக்ஸ் அழுத்தினால் குவெரிஅன்லோடு வரும், ரிலீஸ் மெத்தட் கூப்பிட்டால் அது வராது. ஃபார்ம் மூடும்போது கட்டாயம் நடக்க வேண்டிய வேலை எதையும் குவெரிஅன்லோடில் வைக்காதீர்கள். டெஸ்ட்ராயில் வையுங்கள்.

கர்சர்_காரன் பதில்:

ரஷ்மோர் சொன்னது எஸ்சிஎக்ஸ் ஃபார்முக்கு, அதாவது தனிக் கோப்பாக வைத்து டூ ஃபார்மில் திறப்பதற்கு. தேடும் ஃபார்மை விசிஎக்ஸ் (க்ளாஸ் லைப்ரரி கோப்பு) க்ளாஸாக வைத்து க்ரியேட்ஆப்ஜெக்ட்டில் எழுப்புகிறவர்களுக்கு 'டு' என்ற வசதியே கிடையாது. அங்கே வேறு முறை, எனக்கு அதுதான் பிடித்தமும்கூட, ஏனென்றால் எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, ஷோ(1) என்று கூப்பிடுங்கள். அந்த வரியில் ஓட்டம் நிற்கும். 'சரி' பட்டனில் ரிலீஸ் செய்யாதீர்கள், ஹைடு செய்யுங்கள். மறைந்த உடனே பில் ஃபார்ம் அடுத்த வரிக்கு வரும். ஆப்ஜெக்ட் இன்னும் உயிரோடு இருப்பதால் ஃபார்ம்.தேர்வு, ஃபார்ம்.பெயர், ஃபார்ம்.கடன்வரம்பு என்று வேண்டியதைப் படிக்கலாம். படித்து முடித்தபின் நீங்களே ரிலீஸ் செய்யுங்கள்.

இங்கே எக்ஸ்தான் வில்லன். அதை அழுத்தினால் ஃபார்ம் மறையாது, அழிந்தே போகும். கையில் இருக்கும் வேரியபிள் 'நல்', அதாவது வெறுமை, ஆகிவிடும், அடுத்த வரியில் ப்ராப்பர்ட்டி கேட்டால் பிழை. இரண்டில் ஒன்று செய்யலாம்: ஷோ வரிக்கு அடுத்து வார்டைப் (மதிப்பின் வகையைச் சொல்வது) 'ஓ', அதாவது ஆப்ஜெக்ட், தானா என்று பார்ப்பது, அல்லது குவெரிஅன்லோடில் திஸ்ஃபார்ம்.ஹைடு எழுதி அடுத்த வரியில் நோடிஃபால்ட் (வழக்கமாக நடப்பதைத் தடுக்கும் கட்டளை) போடுவது. இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

எஸ்சிஎக்ஸிலேயே பல மதிப்பு வேண்டுமென்றால், 'சரி' பட்டனில் ஸ்கேட்டர் மெமோ நேம் என்று அந்த ரெக்கார்டையே ஆப்ஜெக்ட்டாக்கி 'தேர்வு' ப்ராப்பர்ட்டியில் வைத்து அன்லோடில் திருப்புங்கள். மெமோ என்ற சொல்லை விட்டால் மெமோ ஃபீல்டுகள் வராது. இதற்கு 'தேர்வு' ஆரம்பத்தில் 'நல்' ஆக இருக்கட்டும். பில் ஃபார்மில் வார்டைப் 'ஓ' என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஓரிரு மதிப்புக்கு ஸ்கேட்டர் அதிகம் என்று நினைத்தால் எம்ப்டி க்ளாஸில் ஆட்ப்ராப்பர்ட்டி. அது 8ஆம் பதிப்பிலிருந்து உண்டு.

ஆனால் க்ரிட்டையோ டெக்ஸ்ட்பாக்ஸையோ ஆப்ஜெக்ட்டாக வெளியே அனுப்பிவிடாதீர்கள். ஃபார்முக்குள் இருக்கும் கன்ட்ரோலை வெளியே ஒரு வேரியபிள் பிடித்துக்கொண்டிருந்தால் ஃபார்ம் முழுதாக விடுபடாது.

வித் வழியாக வரும் பெயரைப் பற்றி: அது போய்ச் சேருவது ஃபார்மின் இனிட் ஈவென்ட்டுக்கு, அதற்கு முன் ஓடும் லோடுக்கு இல்லை. அனுப்பியதை வாங்கும் எல்பாராமீட்டர்ஸ் இனிட்டின் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்த வேரியபிள் இனிட் முடிந்ததும் செத்துப்போகும். அட் குறி போட்டு ரெஃபரன்ஸாக அனுப்பிவிட்டு 'சரி' பட்டனில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசித்தால், அது நடக்காது என்பதற்குக் காரணம் இதுதான். வந்ததை உடனே ஃபார்ம் ப்ராப்பர்ட்டியில் போட்டு வையுங்கள்.

பில்_புள்ளி:

இருவருக்கும் நன்றி. 'தேர்வு' ப்ராப்பர்ட்டியோடு எண் சரியாக வருகிறது, எக்ஸும் எஸ்கேப்பும் சரி. இப்போது வேறு இரண்டு தொல்லை.

கஸ்டமர் மாஸ்டர் ஃபார்மிலிருந்தும் இதே தேடும் ஃபார்மைக் கூப்பிடுகிறேன். பாதி திருத்திய நிலையில் எஃப்2 அழுத்தி, தேடி, 'வேண்டாம்' கொடுத்தால்கூட, திரும்பி வரும்போது வேறு கஸ்டமர் நிற்கிறார். அதைவிட மோசம், பாதி திருத்தியது 'சேமி' அழுத்தாமலே டேபிளில் ஏறியிருக்கிறது.

இரண்டாவது, தேடும் பெட்டியில் எழுத்து தட்டத் தட்ட செலக்ட் ஓட்டி கர்சரை மாற்றுகிறேன். முதல் எழுத்திலேயே க்ரிட் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. நான் வைத்திருந்த அகலம், தலைப்பு எதுவும் இல்லை.

ரஷ்மோர்_ரசிகன் பதில்:

முதல் தொல்லை டேட்டாசெஷனால், அதாவது ஃபார்மின் திறந்த டேபிள்களும் செட் அமைப்புகளும் சேர்ந்த சூழலால், வருவது. தேடும் ஃபார்மின் டேட்டாசெஷன் 1 ஆக இருக்கிறது, கூப்பிடும் ஃபார்மும் அப்படியே. இரண்டும் ஒரே கஸ்டமர் டேபிளை ஒரே அலியாஸில் (திறந்த டேபிளுக்கு வைக்கும் பெயர்) பார்க்கின்றன. தேடும் ஃபார்மில் லொகேட், சீக், ஸ்கிப் எது செய்தாலும் மாஸ்டர் ஃபார்மின் ரெக்கார்ட் பாயிண்டரும் சேர்ந்து நகரும். அங்கே ரோ பஃபரிங் (ஒரு வரியின் திருத்தத்தை எழுதாமல் பிடித்து வைப்பது) இருந்தால், பாயிண்டர் நகர்ந்த உடனே ஃபாக்ஸ்ப்ரோ திருத்தியதைத் தானே எழுதிவிடும். திருத்தத்தை டேபிளில் எழுதும் டேபிள்அப்டேட்டை நீங்கள் கூப்பிடத் தேவையே இல்லை. 'சேமி' அழுத்தாமல் ஏறியது அப்படித்தான்.

இரண்டு ஃபார்மிலும் டேட்டாசெஷனை 2 ஆக்குங்கள். தேடும் ஃபார்ம் தனக்கென்று டேபிளைத் திறந்துகொள்ளும், தன் பாயிண்டரைத் தானே நகர்த்திக்கொள்ளும். திரும்பிப் போவது எண் ஒன்று மட்டுமே. இதனால்தான் மதிப்பைத் திருப்புவதற்கு இவ்வளவு பாடு. 'பாயிண்டரை அங்கே நிறுத்திவிட்டு வந்து டேபிளிலேயே படித்துக்கொள்கிறேன்' என்ற பழைய டாஸ் கால வழி 2ஆம் செஷனில் செல்லாது, செல்லாமல் இருப்பதே நல்லது.

2 ஆக்கியதும் ஒன்று தலைகாட்டும். அழித்த கஸ்டமர்கள் எல்லாம் தேடும் பட்டியலில் திரும்ப வந்து நிற்பார்கள். மெயின் ப்ரோக்ராமில் செட் டெலீட்டட் ஆன் போட்டிருப்பீர்கள். தனி செஷன் அதை எடுத்துக்கொள்ளாது, ஃபாக்ஸ்ப்ரோவின் சொந்த ஆரம்ப நிலைக்கே போகும். செட் எக்ஸாக்ட், செட் டேட், செட் செஞ்சுரி, செட் சேஃப்டி, செட் மல்ட்டிலாக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதை. இவற்றை ஒரு ப்ரொசீஜரில் சேர்த்து வைத்து ஒவ்வொரு ஃபார்மின் லோடிலும் கூப்பிடுங்கள். அடிப்படை ஃபார்ம் க்ளாஸ் ஒன்று செய்து அதன் லோடில் வைத்துவிட்டால் மறக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது: க்ரிட்டோடு கட்டியிருக்கும் கர்சரை அதே பெயரில் செலக்ட் மறுபடி உருவாக்கினால், பழைய கர்சர் முதலில் மூடப்படுகிறது. ரெக்கார்ட்சோர்ஸ் போன கணமே க்ரிட் தன் காலம்களை (நெடுவரிசைகளை) உதறிவிடும். ஆகவே கர்சரை மாற்றாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். லோடில் ஒருமுறை க்ரியேட் கர்சர் கொண்டு காலியாக உருவாக்குங்கள். இனிட்டில் செய்தால் தாமதம், கன்ட்ரோல்களின் இனிட் ஃபார்மின் இனிட்டுக்கு முன்பே நடந்துவிடும். தேடும்போது செலக்ட்டின் விடையை வேறொரு தற்காலிக கர்சருக்கு எடுத்து, க்ரிட்டின் கர்சரை ஜாப் செய்து (எல்லா வரிகளையும் அழித்து), அப்பெண்ட் ஃப்ரம் டிபிஎஃப் என்று தற்காலிகத்திலிருந்து நிரப்பி, கோ டாப், க்ரிட்.ரெஃப்ரெஷ். செட் சேஃப்டி ஆஃப் இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஜாப் செய்யவா' என்று கேட்கும், அதுவும் தனி செஷனின் லோடில் போட வேண்டியது.

தற்காலிக கர்சருக்கான செலக்ட்டில் நோஃபில்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டேபிளிலிருந்து, கணக்கு எதுவும் இல்லாமல், இண்டெக்ஸ் முழுதாக உதவும் குவெரி என்றால் ஃபாக்ஸ்ப்ரோ புதிய கர்சர் செய்யாமல் மூல டேபிளையே ஃபில்டர் போட்டுக் கொடுத்துவிடும். அப்போது டிபிஎஃப்() கஸ்டமர் டேபிளின் பெயரையே தரும். அப்பெண்ட் ஃப்ரம் மொத்த டேபிளையும் கொண்டுவந்து கொட்டும். தேடல் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

கர்சர்_காரன் பதில்:

க்ரிட்டில் என்டர் தட்டினால் 'சரி' ஆக வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் இப்போதே: பட்டனின் டிஃபால்ட்டை ட்ரூ ஆக்குவது க்ரிட்டுக்குள் உதவாது, என்டரை க்ரிட் தானே விழுங்கி அடுத்த செல்லுக்குப் போய்விடும். ஃபார்மின் கீப்ரிவ்யூவை ட்ரூ ஆக்கி, ஃபார்மின் கீப்ரெஸ்ஸில் கீகோட் 13 என்றால் நோடிஃபால்ட் போட்டு 'சரி' பட்டனின் க்ளிக்கைக் கூப்பிடுங்கள். 27க்கு 'வேண்டாம்'.

இன்னொன்று, உங்கள் மெயின் ஃபார்ம் ஷோவிண்டோ 2 வைத்துத் தனி ஜன்னலாக ஓடி, ஃபாக்ஸ்ப்ரோவின் ஸ்க்ரீனை மறைத்திருந்தால், தேடும் ஃபார்மின் ஷோவிண்டோவை 1 ஆக்குங்கள். 0 ஆக விட்டால் அது மறைந்திருக்கும் ஸ்க்ரீனுக்குள் திறக்கும், மோடல் வேறு. கண்ணுக்கு எதுவும் தெரியாது, எதை அழுத்தினாலும் அசையாது. ப்ரோக்ராம் தொங்கிவிட்டது என்று டாஸ்க் மேனேஜரில் கொல்லுவார்கள்.

மூன்றாம்_ஜன்னல் கேட்டது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதே தேவை எம்எஸ் ஆக்சஸில். அங்கே அன்லோடு எதையும் திருப்புவதில்லை. ஹைடு முறை அங்கேயும் எடுபடுமா?

கர்சர்_காரன் பதில்:

எடுபடும், ஆக்சஸில் பலரும் செய்வதே அதுதான். டூகமாண்ட்.ஓப்பன்ஃபார்மில் ஆறாவது இடமான விண்டோமோடுக்கு ஏசிடயலாக் கொடுங்கள். தேட வேண்டிய பெயரை ஏழாவதான ஓப்பன்ஆர்க்ஸில் அனுப்புங்கள். ஃபார்ம் மூடும் வரை அல்லது மறையும் வரை கூப்பிட்ட கோட் காத்திருக்கும்.

'சரி' பட்டனில் மீ.விசிபிள் = ஃபால்ஸ். 'வேண்டாம்' பட்டனில் ஃபார்மை மூடிவிடுங்கள். கூப்பிட்ட இடத்தில் கரன்ட்ப்ராஜெக்ட்.ஆல்ஃபார்ம்ஸ் வழியாக அந்த ஃபார்மின் இஸ்லோடட் பாருங்கள். ட்ரூ என்றால் 'சரி' அழுத்தியிருக்கிறார். கன்ட்ரோலின் மதிப்பைப் படித்துவிட்டு டூகமாண்ட்.க்ளோஸ். ஃபால்ஸ் என்றால் 'வேண்டாம்' அல்லது எக்ஸ், ஒன்றும் செய்ய வேண்டாம்.

அந்த க்ளோஸ் வரியை மட்டும் மறக்கக் கூடாது. மறைந்த ஃபார்ம் திறந்தபடியே கிடந்தால், அடுத்த முறை ஏசிடயலாக் கொடுத்தாலும் கோட் காத்திருக்காது, ஓப்பன்ஆர்க்ஸும் பழையதே இருக்கும். முதல் தடவை ஓடுகிறது, இரண்டாம் தடவை ஓடுவதில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நடுவில் எர்ரர் ஹேண்ட்லருக்குத் தாவினாலும் க்ளோஸ் நடக்கும்படி எழுதுங்கள்.

காம்போ பெட்டியில் இல்லாத பெயரைத் தட்டினால் புதிய கஸ்டமர் சேர்க்க வேண்டும் என்றால் அதற்கு நாட்இன்லிஸ்ட் ஈவென்ட். ஏசிஃபார்ம்ஆட், ஏசிடயலாக் இரண்டும் கொடுத்து ஃபார்மைத் திறந்து, சேமித்து மூடியபின் ரெஸ்பான்ஸ் = ஏசிடேட்டாஎர்ஆடட். காம்போவை ஆக்சஸே ரீகுவெரி செய்துகொள்ளும், நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

பில்_புள்ளி:

புதிய கஸ்டமர் என்றதும் ஞாபகம் வந்தது. தேடும் ஃபார்மிலேயே 'புதிது' பட்டன் வைத்திருக்கிறேன். டேட்டாசெஷன் 2 ஆன பிறகு, அங்கே சேர்த்த கஸ்டமரின் எண் பில்லுக்கு வருகிறது, ஆனால் பெயர் காலியாக இருக்கிறது. பில் ஃபார்ம் லோக்கல் வ்யூ வழியாகப் பெயரை எடுக்கிறது. சில நேரம் 'ரெக்கார்ட் இன் யூஸ் பை அனதர்' என்றும் வருகிறது; இந்தக் கணினியில் நான் ஒருவன்தான்.

ரஷ்மோர்_ரசிகன் பதில்:

வ்யூ என்பது திறந்த நேரத்தில் எடுத்த நகல். பிறகு சேர்ந்தவர் அதில் இருக்க மாட்டார். எண் திரும்பியதும், அந்த எண் வ்யூவில் இல்லையென்றால் மட்டும் ரீகுவெரி() கூப்பிடுங்கள். அந்த வ்யூவில் சேமிக்காத திருத்தம் இருந்தால் ரீகுவெரி மறுத்துவிடும். கஸ்டமர் பெயர் காட்ட வைத்திருக்கும் வ்யூவைத் திருத்தும் வேலைக்குப் பயன்படுத்தாமல் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. தேடும் ஃபார்ம் எண்ணைத் திருப்புவதற்கு முன் டேபிள்அப்டேட் ட்ரூ தந்ததா என்றும் பாருங்கள். அது ஃபால்ஸ் தந்தும் எண்ணைத் திருப்பினால், டேபிளிலேயே இல்லாத கஸ்டமரின் எண் பில்லில் ஏறும்.

ரெக்கார்ட் இன் யூஸ்: தனி செஷன்கள் ஒன்றுக்கொன்று அந்நியர்கள். ஒரே கணினி, ஒரே ஈஎக்ஸ்இ ஆனாலும் லாக் விஷயத்தில் இரண்டு ஆள் போலத்தான். அடுத்த எண் தரும் டேபிள் ஒன்று வைத்திருப்பீர்கள். பில் ஃபார்ம் திறந்தவுடன் அதில் பில் எண்ணுக்கு ஆர்லாக் (ரெக்கார்ட் பூட்டு) போட்டு, 'சேமி' வரை பிடித்துக்கொண்டிருக்கும். தேடும் ஃபார்ம் அதே ரெக்கார்டில் கஸ்டமர் எண் கேட்டால் 109, நீங்கள் சொன்ன 'ரெக்கார்ட் இன் யூஸ்' பிழை. எண்ணை 'சேமி' நேரத்தில் எடுத்து, உடனே அன்லாக் செய்யுங்கள். கஸ்டமருக்கும் பில்லுக்கும் அந்த டேபிளில் தனித்தனி வரி இருக்கட்டும். பில் ஃபார்மில் பிகின் ட்ரான்சாக்‌ஷன் போட்டுவிட்டு நடுவில் தேடும் ஃபார்மைத் திறக்கவும் கூடாது. கடைக்காரர் அதைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மற்ற கவுண்டர்கள் எல்லாம் நிற்கும்.

அரை_மோடல் கேட்டது:

எங்கள் இடத்தில் தேடும் ஃபார்ம் பக்கத்தில் திறந்தே இருக்க வேண்டும், இரட்டை க்ளிக் செய்யச் செய்ய பில்லில் பொருள்கள் ஏற வேண்டும் என்கிறார்கள். மோடல் இல்லாமல் எப்படி?

கர்சர்_காரன் பதில்:

அங்கே 'திருப்புவது' என்பதே கிடையாது, ஃபார்ம் மூடுவதில்லையே. சேதி அனுப்ப வேண்டும். தேடும் ஃபார்மில் 'பொருள்தேர்ந்தது' என்று ஒரு மெத்தட் சேருங்கள். உள்ளே எல்பாராமீட்டர்ஸ் எண் என்ற வரி மட்டும். இரட்டை க்ளிக்கில் ரெய்ஸ்ஈவென்ட்(திஸ்ஃபார்ம், 'பொருள்தேர்ந்தது', எண்). பில் ஃபார்ம் அதைத் திறக்கும்போது டூ ஃபார்மில் நேம் கொடுத்து ரெஃபரன்ஸ் வாங்கி, பைண்ட்ஈவென்ட் வழியாக அந்த மெத்தடைத் தன் 'பொருள்ஏற்று' மெத்தடோடு கட்டட்டும். பொருள்ஏற்று மெத்தடிலும் எல்பாராமீட்டர்ஸ் எண் இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தது 8ஆம் பதிப்பு வேண்டும். இருவரில் எவர் மூடினாலும் கட்டு தானே அவிழ்ந்துவிடும்.

7 அல்லது அதற்கு முந்தையது என்றால், திஸ்ஃபார்மையே வித்தில் அனுப்பி இனிட்டில் ப்ராப்பர்ட்டியாக வைத்து, இரட்டை க்ளிக்கில் அதன் பொருள்ஏற்றை நேரே கூப்பிடுங்கள். பில்லை முதலில் மூடியிருக்கலாம். கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வார்டைப் 'ஓ' தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பில்_புள்ளி:

எண் டேபிளில் தனி வரி வைத்தேன், ஆர்லாக்கை 'சேமி'க்குள் கொண்டுபோனேன். 109 நின்றது. நோஃபில்டர் சேர்க்காமல் இருந்ததும் உண்மை. ஊரின் பெயரை மட்டும் தட்டித் தேடினால் மொத்த கஸ்டமரும் வந்துகொண்டிருந்தது அதனால்தான்.